ஷில்லிங் காலத்துக்கு ஏங்கும் பிரிட்டன்

பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். ஆக, ஒரு பவுனுக்கு 240 பென்னி. இரண்டு ஷில்லிங் ஆறு பென்னிக்கு "அரை கிரௌன்" என்று பெயர். இருபத்தொரு ஷில்லிங்குக்கு "கினி" என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், கினி நாணயம் அச்சடிப்பது 1814-லேயே நின்றுவிட்டது. நாணயம் போன பிறகும் ஒன்றரை நூற்றாண்டு காலம் டாக்டர் பீஸ், வக்கீல் பீஸ், பந்தயக் குதிரை விலை எல்லாம் கினிக் கணக்கில்தான்!

இந்தத் தலைவலிக் கணக்கை 1971 பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டன் தலைமுழுகியது. அன்று முதல் பவுனுக்கு நூறு பென்னி. ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த நாட்டு முதியவர்கள் ஷில்லிங்கை மறக்கவில்லை. "அப்போது ஒரு ஷில்லிங்குக்கு என்னென்ன வாங்கலாம் தெரியுமா?" என்று பேரப் பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

ஷில்லிங் மட்டுமல்ல, கரி அடுப்பு, வாசல்படியில் பால் புட்டி, நீராவி ரயில், சிவப்பு டெலிபோன் கூண்டு என்று யுத்த காலம் முதல் 1970-கள் வரையிலான அன்றாட வாழ்க்கையை நினைத்து உருகுவது அங்கே பெரிய வழக்கமாகிவிட்டது. அதற்கென்று மியூசியங்கள் இருக்கின்றன. புத்தகங்களும் டெலிவிஷன் தொடர்களும் வந்துகொண்டே இருக்கின்றன. விடுமுறை நாளில் பழைய ரயிலில் ஏறி, கரிப்புகையை முகர்வதற்காகவே பணம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

உலகத்தின் கால்பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட நாடு, ஒரு தகரக் குளியல் தொட்டியை நினைத்துக் கண் கலங்குவானேன்? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு ஏக்கம் புதிதல்ல. நாம் ஏங்குவது ஊருக்கு. அவர்கள் ஏங்குவது காலத்துக்கு. ஊருக்காவது டிக்கெட் எடுக்கலாம். காலத்துக்கு?

அணாவும் ஷில்லிங்கும்

நம் நாட்டில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ந் தேதி மாறியது. இந்த விஷயத்தில் நாம் பிரிட்டனுக்குப் பதினான்கு வருஷம் முந்திக்கொண்டோம். அங்கே மாற்றத்துக்குப் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கடைகளிலும் போக்குவரத்திலும் கூட்டம் குறைவான மாதம் என்பதே. பாங்குகள் நான்கு நாட்களுக்குமேல் மூடி, கணக்குகளை மாற்றி எழுதின. பிரிட்டிஷ் ரயில்வேயும் லண்டன் போக்குவரத்து நிறுவனமும் மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே, ஞாயிற்றுக்கிழமையன்றே, புதிய கணக்குக்கு மாறிவிட்டன. டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து சில்லறை எண்ணிய குமாஸ்தாக்களின் அன்றைய பாட்டை, ரயில்வே குமாஸ்தாவான என்னால் நன்றாக ஊகிக்க முடிகிறது.

ஷில்லிங்குக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு முக்கிய வேலை இருந்தது. வாடகை அறைகளிலும் ஏழை எளியவர் வீடுகளிலும் காஸுக்கும் மின்சாரத்துக்கும் காசு போடும் மீட்டர் வைத்திருந்தார்கள். ஒரு ஷில்லிங் போட்டால் அந்த அளவுக்கு வெளிச்சம், அந்த அளவுக்குச் சூடு. காசு தீர்ந்தால் பாதிச் சமையலில் அடுப்பு அணையும். பாதிப் பேச்சில் விளக்கு அணையும். அதனால் அலமாரியின் மேல் ஒரு கோப்பையில் ஷில்லிங்குகளைச் சேர்த்து வைப்பது குடும்பத் தலைவியின் வேலை.

தெருமுனை டெலிபோன் கூண்டிலும் காசு விளையாட்டு உண்டு. பென்னிகளைப் போட்டு, அந்தப் பக்கம் குரல் கேட்டதும் 'ஏ' பொத்தானை அமுக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் 'பி' பொத்தானை அமுக்கினால் காசு திரும்ப விழும். யாராவது மறந்துபோய் விட்டுச் சென்ற காசு கிடைக்காதா என்று, போகிற வருகிற பையன்கள் எல்லாம் 'பி' பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார்களாம். இன்று செல்போன் வந்து கூண்டுகள் வெறிச்சோடிவிட்டன. ஆனாலும் பல கிராமங்களில் அவற்றை இடிக்க மக்கள் விடவில்லை. உள்ளே பலகை அடித்துச் சின்னஞ்சிறு நூல்நிலையமாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு அவுன்ஸ் தேயிலை

ரேஷன் கார்டு என்றால் நமக்குத் தெரியும். பிரிட்டனில் அது ரேஷன் புத்தகம். 1940 ஜனவரி 8-ந் தேதி பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் ரேஷன் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் சேர்ந்தன. யுத்தம் 1945-ல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. யுத்த காலத்தில்கூட ரேஷன் இல்லாமல் கிடைத்த ரொட்டிக்கு, யுத்தம் முடிந்த பிறகு 1946 ஜூலையில் ரேஷன் போட்டார்கள்! ஜெயித்த நாட்டின் கதி இது. கடைசியாக இறைச்சிக்கு விடுதலை கிடைத்தது 1954 ஜூலை 4-ந் தேதி. ஆக, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டு மக்கள் கையில் புத்தகத்தோடு கியூவில் நின்றார்கள்.

குழந்தைகளுக்கு மறக்க முடியாத நாள் 1953 பிப்ரவரி 5. அன்றுதான் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கியது. உண்டியலை உடைத்துக்கொண்டு கடைக்கு ஓடிய பிள்ளைகள் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அந்த மிட்டாயின் ருசிக்கு ஈடான ருசி பிறகு வந்ததே இல்லை என்பது அவர்கள் கட்சி. பதின்மூன்று வயதுவரை ஆசை தீரத் தின்னக் கிடைக்காத பண்டம் அல்லவா!

தேயிலைக்கு 1940 ஜூலையில் ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம். தேநீர் இல்லாமல் பொழுது விடியாத ஜனங்களுக்கு இது பெரிய சோதனை. ஒரு தடவை வடித்த இலையிலேயே மறுபடியும் வெந்நீர் ஊற்றிக் குடித்தார்கள். 1952 அக்டோபரில் தேயிலை ரேஷன் நீங்கியபோது நாடே பெருமூச்சு விட்டது.

அந்த இரண்டு அவுன்ஸில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. இலங்கை மலையகத்திலும் நம் நாட்டு மலைத் தோட்டங்களிலும் கூடையைத் தலையில் மாட்டி அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப் பெண்கள். லண்டன் இல்லத்தரசி 1948-ல் ரேஷன் தேயிலைக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டில்தான், இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அந்த லண்டன் கோப்பையின் நினைவை எழுதுகிறவர்கள் பலர். கூடையின் நினைவை எழுத ஆள் குறைவு.

கரி அடுப்பும் கருத்த பனியும்

பழைய காலத்தைப் பேசும் எந்தப் பிரிட்டிஷ்காரரும் கரி அடுப்பை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. கூடத்தில் ஒரு கணப்பு. சுற்றிக் குடும்பம். நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி நெருப்பில் வாட்டித் தின்பது. வெளியே குளிர்; உள்ளே கதை. நினைத்தால் இன்பமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டில் அந்த ஓர் அறைக்குத்தான் சூடு. மற்ற அறைகளில், மாசி மாதத்தில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி உறைந்து கோலம் போட்டிருக்கும். விடியற்காலையில் எழுந்து முந்தின நாள் சாம்பலை வாரிக் கொட்டி, புதுக் கரி போட்டு மூட்டும் வரை வீடு ஐஸ் பெட்டிதான். வாரியது யார்? பெரும்பாலும் அம்மா.

லட்சக்கணக்கான வீடுகளின் புகை எங்கே போகும்? 1952 டிசம்பர் 5-ந் தேதி லண்டன் மீது இறங்கிய புகைமூட்டம், 9-ந் தேதி வரை நகரவில்லை. தன் கால் தனக்குத் தெரியாத இருட்டு. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு நாடக அரங்கில் புகை உள்ளே புகுந்து, மேடை தெரியாமல் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். மூச்சுத் திணறி இறந்தவர்கள் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. அதன் பிறகுதான் 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கணப்பு ஓரத்துக் கதைகள் இனித்தாலும், அதே கணப்பின் புகைதான் பல ஆயிரம் பேரைக் கொன்றது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை சலவை

பிரிட்டனில் திங்கட்கிழமை என்றால் சலவை நாள். ஏதோ சட்டம் போட்டதுபோல் தெரு முழுக்க ஒரே நாளில் துணி துவைப்பார்கள். அண்டாவில் நீர் கொதிக்க வைத்து, துணியை வேகவைத்து, கம்பால் கிளறி, இரண்டு உருளைகளுக்கிடையே கொடுத்துப் பிழிந்து உலர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சமைக்க நேரம் கிடையாது. அதனால் அன்று சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மீந்த இறைச்சிதான்; ஆறிப்போனதைத் துண்டு போட்டுப் பரிமாறிவிடுவார்கள். உலர்த்திய வெள்ளைத் துணியில் ஆலைப்புகையின் கரித்தூள் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அண்டா!

வட இங்கிலாந்தின் ஆலைத் தெருக்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. வாசல்படியைத் தேய்த்துக் கழுவி, அதன் விளிம்பில் ஒருவகைக் கல்லால் தேய்த்து வெள்ளை, மஞ்சள் நிறம் ஏற்றுவார்கள். படி பளிச்சென்று இல்லாத வீட்டுக்காரியைத் தெரு ஒரு மாதிரி பார்க்கும். நம் வீட்டு வாசலில் கோலம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி கேட்பதில்லையா, அதுபோலத்தான். அந்தக் கல் கடையில் வாங்குவதல்ல. குதிரை வண்டியில் பழந்துணி வாங்க வருபவன், துணிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போவான். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிய வியாபாரத்தின் வெள்ளைக்காரத் தம்பி!

குளிப்பது? 1951-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் குளியல் தொட்டியே கிடையாது. கொல்லைச் சுவரில் ஆணியடித்து ஒரு தகரத் தொட்டியை மாட்டியிருப்பார்கள். வாரம் ஒரு நாள் அதைக் கணப்புக்கு முன்னால் இறக்கி வைத்து, வெந்நீர் நிரப்பி, ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பார்கள். தண்ணீர் ஒன்றுதான், ஆட்கள்தான் மாறுவார்கள்! கக்கூசும் கொல்லைக் கோடியில்தான். அங்கே ஆணியில் செய்தித்தாள் துண்டுகள் குத்தி வைக்கப்பட்டிருக்கும். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் அடக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

வாசலில் பால் புட்டி

விடியலுக்கு முன்பே பாட்டரி வண்டி சத்தமில்லாமல் தெருவுக்குள் வரும். புட்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசைதான் ஊருக்குக் கோழி கூவல். வாசல்படியில் நிறை புட்டியை வைத்துவிட்டு, கழுவி வைத்திருக்கும் காலிப் புட்டியைப் பால்காரர் எடுத்துப் போவார். ஒரு புட்டி பலமுறை சுற்றிவரும். இன்று பிளாஸ்டிக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று மாநாடு கூட்டுகிறார்களே, அதற்கான விடை அன்றைய வாசல்படியில் இருந்தது.

புட்டி மூடியின் மெல்லிய தகட்டைக் கொத்தித் துளைத்து, மேலே மிதக்கும் ஏட்டைக் குடிக்க ஒருவகைச் சிட்டுக்குருவிகள் கற்றுக்கொண்டன. 1921-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பிறகு நாடு முழுவதும் அந்தக் குருவிகள் இந்தத் திருட்டில் தேர்ந்துவிட்டன. இன்று பெரும்பாலான மக்கள் பாலை சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறார்கள். குருவிகளும் வித்தையை மறந்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 1946 முதல் தினமும் புட்டியில் மூன்றில் ஒரு பைன்ட் பால் இலவசம். இதை 1971-ல், ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்திய கல்வி மந்திரி யார் தெரியுமா? பிற்காலத்தில் பிரதமராக வந்த மார்கரெட் தாட்சர்தான். "பால் பறித்தவர்" என்ற பட்டம் அவர் காலம் முழுவதும் போகவில்லை.

கிளைப்பாதை ஸ்டேஷன்

இனி என் சொந்த இலாகாவுக்கு வருகிறேன்.

பிரிட்டனில் தனியார் கம்பெனிகளாக இருந்த ரயில்கள் 1948 ஜனவரி 1-ந் தேதி அரசுடைமையாயின. அன்றைய சின்னக் கிளைப்பாதை ஸ்டேஷன் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பிளாட்பாரத்தில் பூச்செடிகள், எந்த ஸ்டேஷன் தோட்டம் அழகு என்று போட்டி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். வெயிட்டிங் ரூமில் கரிக் கணப்பு. பால் கேன்கள், பார்சல்கள், கோழிக்குஞ்சுகள். பந்தயப் புறாக்களும் கூடையில் வரும். தூரத்து ஸ்டேஷனில் போர்ட்டர் கூடையைத் திறந்து புறாக்களைப் பறக்கவிட்டு, விட்ட நேரத்தைச் சீட்டில் குறித்து, காலிக் கூடையை அடுத்த ரயிலில் திருப்பி அனுப்புவார். எந்தப் பணிவிதியில் இதற்கு இடம் கண்டார்களோ!

அங்கே விற்ற சிறிய கெட்டி அட்டை டிக்கெட் நமக்கும் பழக்கமானதே. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களில் கண்டுபிடித்த முறை அது. ஒவ்வோர் அட்டையிலும் வரிசை எண். மாலையில் கடைசி எண்ணைப் பார்த்தால் எத்தனை விற்றது, எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் 1990-ல் இந்த அட்டை விடைபெற்றது. நம் ரயில்வேயிலும் கம்ப்யூட்டர் டிக்கெட் வரும்வரை தேதி குத்தும் இயந்திரத்தின் "டக்" ஓசை கவுண்ட்டருக்குக் கவுண்ட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. ரிட்டயரான எங்கள் சீனியர்கள் இன்றும் அந்த ஓசையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்தக் கிளைப்பாதைகளுக்கு எமன் வந்தது 1963 மார்ச் 27-ந் தேதி. டாக்டர் பீச்சிங் என்ற ரயில்வே தலைவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மொத்தப் பாதையில் சுமார் 30 சதவீதத்தில் பயணிகளில் ஒரு சதவீதம்தான் போகிறார்கள், நஷ்டம் தாங்காது, 2,363 ஸ்டேஷன்களை மூட வேண்டும் என்பது அவர் முடிவு. கார் வாங்குவோர் பெருகிய காலம். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலானவற்றை மூடியும்விட்டார்கள். நீராவி எஞ்சினும் போயிற்று. 1968 ஆகஸ்ட் 11-ந் தேதி லிவர்பூலிலிருந்து கார்லைலுக்கு ஓடிய விசேஷ ரயிலே கடைசி. அதற்குக் கட்டணம் பதினைந்து கினி! இல்லாத நாணயத்தில் கட்டணம் வைத்து, இல்லாமல் போகும் எஞ்சினை வழியனுப்பினார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவையும் இங்கிலாந்தின் கார்லைலையும் இணைத்த வேவர்லி பாதையின் கதை சொல்லத்தக்கது. 1969 ஜனவரியில் கடைசி ரயில் இரவில் வந்தபோது, நியூகாசில்டன் என்ற சிற்றூர் மக்கள் லெவல் கிராசிங் கேட்டை மூடி மறித்து நின்றார்கள். முன்னணியில் நின்ற ஊர்ப் பாதிரியாரைப் போலீசார் கைது செய்தனர். அதே ரயிலில் இருந்த பார்லிமெண்ட் உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து சமாதானம் பேசி, பாதிரியாரை விடுவித்த பிறகே கூட்டம் கலைந்தது, ரயில் நகர்ந்தது.

அத்தோடு ஊர் அடங்கியிருந்தால் அது வெறும் பழங்கதை. அந்தப் பகுதி மக்கள் விடாமல் கேட்டார்கள். ரயில் போனதால் வேலை போனதையும் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனதையும் எடுத்துக்காட்டினார்கள். 46 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை அந்தப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. ராணி எலிசபெத்தே வந்து முறைப்படி தொடங்கி வைத்தார். நியூகாசில்டனுக்கு மட்டும் இன்னும் ரயில் வரவில்லை. ஏக்கம் என்றால் சும்மா பெருமூச்சு விடுவது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழந்தது இன்னதென்று தெரிந்தவன் கேட்கிறான். கேட்டால் சில சமயம் கிடைக்கிறது.

ஊரோடு விடுமுறை

லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் எல்லா ஆலைகளும் ஒன்றாக மூடும். ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். வீட்டில் யார் பக்கத்து வீடோ, தறியில் யார் பக்கத்துத் தறியோ, கடற்கரையிலும் அவரே பக்கத்து நாற்காலி! சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு 1938-ல்தான் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக ஸ்கெக்னெஸ் என்ற ஊரில் பில்லி பட்லின் என்பவர் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று விடுமுறை முகாம் திறந்து பெரும் பணம் சேர்த்தார். பிறகு விமானத்தில் ஸ்பெயின் போகும் மலிவு யாத்திரைகள் வந்தன. வெயிலைத் தேடி ஜனங்கள் பறந்துவிட்டனர்.

1953 ஜூன் 2-ந் தேதி ராணியின் முடிசூட்டு விழா. டெலிவிஷன் இருந்த வீடுகள் குறைவு. பார்த்தவர்கள் சுமார் இரண்டு கோடிப் பேர். பெட்டி இருந்த வீட்டுக்குள் தெருவே புகுந்து உட்கார்ந்தது. நம் நாட்டில் 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் ஓடியபோது நடந்ததை நினைத்துக்கொண்டால் போதும், விளக்கம் வேண்டாம்.

1974-ன் தொடக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தகராறினால் மின்சாரப் பஞ்சம் வந்து, தொழிற்சாலைகள் வாரம் மூன்று நாள்தான் ஓடின. டெலிவிஷன் இரவு பத்தரைக்கே நின்றது. அதையும் இன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீட்டாடிய பொற்காலமாகச் சொல்கிறவர்கள் உண்டு! அடுத்த ஆண்டு விலைவாசி 24 சதவீதம் ஏறியது அந்த வெளிச்சத்தில் தெரிவதில்லை போலும்.

படத்தில் இல்லாதவர்கள்

இந்தப் பழைய படங்களை உற்றுப் பார்த்தால் சிலர் அதில் இல்லை என்பது தெரியும்.

1948 ஜூன் 22-ந் தேதி "எம்பயர் விண்ட்ரஷ்" என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களுடன் டில்பரி துறைமுகத்தில் நின்றது. யுத்தத்தில் நொறுங்கிய நாட்டைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்பட்டது. 1956-ல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆலைகளுக்கு ஆட்கள் வந்தனர். வேலைக்குத் தேவைப்பட்டவர்களுக்கு வாடகை வீடு கொடுக்க மட்டும் பலர் மறுத்தார்கள். அதைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது.

பிரிஸ்டல் நகரில் பஸ் டிரைவர், கண்டக்டர் வேலைக்குக் கறுப்பர்களையும் ஆசியர்களையும் எடுப்பதில்லை என்று பஸ் கம்பெனி வைத்திருந்தது. 1963-ல் நான்கு மாதம் மக்கள் அந்த பஸ்களைப் பகிஷ்கரித்தார்கள். ஆகஸ்ட் 28-ந் தேதி கம்பெனி பணிந்தது. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்து அந்த நகரத்தின் முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் ஆனவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

அந்தத் தலைமுறையில் வந்தவர்களின் வீடுகளிலும் பழைய ஆல்பங்கள் இருக்கின்றன. ஷில்லிங் மீட்டரும் பனி உறைந்த ஜன்னலும் அவர்களுக்கும் நினைவில் உண்டு. ஆனால் "அந்தக் காலத்தில் கதவைத் தாழிட மாட்டோம், அவ்வளவு நம்பிக்கை" என்று மற்றவர்கள் சொல்லும்போது, தங்கள் முகத்துக்கெதிரே எத்தனை கதவுகள் சாத்தப்பட்டன என்று இவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரே தெரு, ஒரே ஆண்டு, நினைவு மட்டும் இரண்டு. வெளிமாநிலத்தில் அறை தேடி அலைந்த நம்மவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

பெண்களின் கணக்கும் தனி. சாம்பல் வாரியதும் அண்டா கிளறியதும் அவர்களே. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பதை மாற்றச் சட்டம் வந்தது 1970-ல். அது நடைமுறைக்கு வர 1975 ஆயிற்று. "அந்த நாள் திரும்புமா?" என்று தாத்தா கேட்டால், "வாஷிங் மெஷினோடு திரும்பட்டும்" என்று பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஏக்கம் ஒரு வியாதியா?

இந்த ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் "நாஸ்டால்ஜியா" என்று பெயர். அது ஒரு வியாதியின் பெயராகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதை உண்டாக்கினார். பிழைப்புக்காக அயல்நாடு போனவர்கள் ஊர் நினைவில் உடல் மெலிந்து படுத்துவிடுவதை அவர் நோயாகக் கண்டார். ஆக, நாஸ்டால்ஜியா முதலில் நம்மைப் போன்றவர்களின் வியாதி. காலத்துக்கு ஏங்குகிறவர்கள் பிறகுதான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஏக்கமும் அடியில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருக்குப் போனாலும் நாம் விட்டுவந்த ஊர் அங்கே இருப்பதில்லை. பிரிட்டனின் முதியவர்களும் தகரத் தொட்டியை உண்மையில் கேட்கவில்லை. ஒரே ஆலையில் நாற்பது ஆண்டு நிலைத்த வேலை, நடந்துபோகும் தூரத்தில் கடை, பெயர் சொல்லிக் கூப்பிடும் பால்காரர், ஊர் முழுக்கச் சேர்ந்து போகும் விடுமுறை: இவற்றைத்தான் கேட்கிறார்கள். தொட்டியும் கரி அடுப்பும் அதற்கு அடையாளச் சாமான்கள். அவை இல்லாமலும் இவை இருக்க முடியாதா என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

சாதாரணச் சாமான்களின் மியூசியம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் வட்டாரத்தில் பீமிஷ் என்ற திறந்தவெளி மியூசியம் இருக்கிறது. 1970-ல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய பிராங்க் அட்கின்சன் ஒரு விசித்திரமான கொள்கை வைத்திருந்தார். ஜனங்கள் எதைக் கொடுத்தாலும், இது வேண்டும் இது வேண்டாம் என்று பொறுக்காமல் வாங்கிக்கொள்வது! துணி பிழியும் உருளை, சுரங்கத் தொழிலாளியின் சாப்பாட்டுத் தகரம், கடைப் பலகை, டிராம் வண்டி எல்லாம் வந்து குவிந்தன. ராஜா ராணிகளின் கிரீடத்தைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். வண்ணாத்தியின் அண்டாவை யார் காப்பாற்றுவது என்பது அவர் கேள்வி. அண்மை ஆண்டுகளில் அங்கே 1950-களின் தெரு ஒன்றையும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். மறதி நோயில் பேச்சு குறைந்த முதியவர்களை அழைத்து வந்து பழைய சாமான்களைக் கையில் கொடுத்துப் பேச வைக்கும் பணியும் நடக்கிறது.

ராபர்ட் ஓப்பி என்பவர் 1963-ல், பதினாறு வயதில், இன்வர்னெஸ் ரயில் நிலையத்தில் இயந்திரத்தில் காசு போட்டு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வாங்கினார். தின்று முடித்துக் காகிதத்தைக் கசக்கப் போனவருக்கு ஒரு யோசனை: இதை எறிந்தால் ஒரு துளிச் சரித்திரம் போய்விடுமே! அன்று தொடங்கிச் சேர்த்த டப்பாக்களும் உறைகளும் இன்று லண்டனில் ஒரு மியூசியமாக நிற்கின்றன.

நம்மிடம் சேர்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். முதன்முதல் ஊரிலிருந்து தூக்கிவந்த டிரங்குப் பெட்டி, அதன் மூடியில் பெயிண்டில் எழுதிய பெயர், அம்மாவுக்கு அனுப்பிய மணியார்டரின் ரசீது, 2013-ல் தந்தி நிற்பதற்கு முன்னால் வந்த கடைசித் தந்தி, பத்துப் பேர் ஓர் அறையில் தங்கி மெஸ் கணக்கு எழுதிய நோட்டு, அட்டை டிக்கெட்டில் மிஞ்சிய பாதித் துண்டு. இந்த நகரத்துக்கு நம் தலைமுறையினர் வந்ததற்கு இவைதான் சாட்சி. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்க்காரர் தராசில் முதலில் ஏறுவதும் இவைதான்.

எடைக்குப் போடுமுன் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டு, பின்பக்கத்தில் வருஷத்தையும் ஊரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். நல்லதோடு கஷ்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வாடகை அறை கிடைக்காததையும் குழாயடிச் சண்டையையும் விட்டுவிட வேண்டாம். பீமிஷில் வெள்ளைத் துணி மட்டும் இல்லை. அதை வெளுத்த அண்டாவும் இருக்கிறது.